ஆங்கர் மூடிய பிறகு: ஸ்டீம் பீரைக் கைவிடாமல் இருக்கக் கற்றுக்கொண்டவை

2023 ஜூலை 12 அன்று, சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் பீர் ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 1896இல் அந்தப் பெயரில் தொடங்கிய ஆலை அது. பொட்ரெரோ ஹில் பகுதியில் மரிபோசா தெருவில் அது நின்ற இடத்தைத் தாண்டித்தான் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் வேலைக்கு வருவோம். காய்ச்சும் நாட்களில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வேகும் வாசனை, அரிசி வடித்த கஞ்சியும் வறுத்த தானியமும் சேர்ந்தாற்போல, தெரு முழுக்க நிற்கும். அன்றைக்கு ஆபீஸில் வேறு பேச்சே ஓடவில்லை.

"ஒரு பீர் கம்பெனி மூடுனதுக்கா மாப்ள இப்படி உக்காந்திருக்க?" என்று மதுரைக்கார நண்பன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். நம் ஊரில் மது என்றால் டாஸ்மாக், அதன் வாசலில் நடக்கும் சண்டை, வீட்டில் அழும் அம்மாக்கள். அந்த அழுகையைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். அதனால் குடியைக் கொண்டாடி எழுதுவது என் நோக்கம் இல்லை. ஒரு ஊருக்கே உரிய ஒரு தயாரிப்பு முறை, அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த ஒரே ஆலை, அது மூடிக்கிடக்கும் காலத்தில் அதை நேசிக்கிறவர்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். நெசவோ அச்சகமோ கருப்பட்டிக் காய்ச்சலோ, உங்கள் ஊரில் மூடும் நிலையில் இருக்கும் எதற்கும் இதில் பாதி பொருந்தும்.

முதலில், ஆங்கர் காய்ச்சிய ஸ்டீம் பீர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டில் பெரிய பிரிவு இரண்டு. ஏல் ஈஸ்ட் இதமான சூட்டில் வேலை செய்யும். லாகர் ஈஸ்ட்டுக்குக் குளிர் வேண்டும்; ஐரோப்பாவில் குகைகளிலும் பனிக்கட்டி அடுக்கிய நிலவறைகளிலும் வைத்து வாரக்கணக்கில் பக்குவப்படுத்துவார்கள். 1849க்குப் பிறகு தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குக் கூட்டம் வந்தபோது, ஜெர்மானியர்கள் லாகர் செய்யும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆனால் இங்கே பனிக்கட்டி கிடைப்பது அரிது, இயந்திரக் குளிர்சாதனமும் அப்போது இல்லை. இருந்தது சான்பிரான்சிஸ்கோவின் கடற்காற்று மட்டும். அதனால் லாகர் ஈஸ்ட்டையே ஏல் பக்குவத்தில், கொஞ்சம் இதமான சூட்டில் நொதிக்க விட்டார்கள். சீக்கிரம் சூடு இறங்குவதற்காக, அகலமான, ஆழம் குறைந்த தொட்டிகளில் ஊற்றினார்கள். ஏழை உழைப்பாளிகளின் மலிவான பீராகத்தான் அது பிறந்தது. குளிர்சாதனம் வந்ததும் மற்ற ஆலைகள் ஒவ்வொன்றாக அந்த முறையை விட்டுவிட்டன. ஆங்கர் விடவில்லை.

மூடுவதற்கு முன்பு ஆலையைச் சுற்றிக்காட்டினார்கள், முன்பதிவு செய்துகொண்டு போக முடிந்தது. எல்லோரும் படம் எடுப்பது பளபளக்கும் செம்புக் கொப்பரைகளைத்தான். என் மனதில் நின்றது நொதிக்கும் அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முழங்கால் உயரம்தான் இருக்கும், ஆனால் ஒரு கூடம் அளவுக்கு விரிந்த எஃகுத் தொட்டி. மூடி கிடையாது. மேலே வெண்பழுப்பு நுரை திட்டுத்திட்டாக எழுந்து, நடுவில் பிளந்து, மறுபடி கூடிக்கொண்டிருந்தது. அறைக்குள் வடிகட்டிய காற்று மட்டும் போகும். இன்றைய ஆலைகள் பெரும்பாலும் உயரமான, அடி கூம்பிய, மூடிய கலன்களுக்கு மாறிவிட்டன. அவற்றைக் கழுவுவதும் இடத்தைச் சமாளிப்பதும் சுலபம். இவர்கள் சிரமமான வழியையே வைத்திருந்தார்கள். பீரில் வாயுவை ஏற்றுவதற்கும் சிலிண்டரிலிருந்து அடைப்பதில்லை. முதிர்ந்த பீரில், நொதித்துக்கொண்டிருக்கும் புதுச் சாற்றைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். மிச்ச வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். ஸ்டீம் பீரின் அந்தக் கெட்டியான, சீக்கிரம் அடங்காத நுரை அப்படி வருவது.

இந்த ஆலைக்கு மூடுவிழா புதிது இல்லை என்பது மூடிய பிறகுதான் பலருக்குத் தெரிய வந்தது. 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் ஆலை சாம்பலானது. அதற்குச் சில வாரம் முன்புதான் உரிமையாளர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் பாரூத் இறந்திருந்தார். அவருடைய மருமகன் ஓட்டோ ஷிங்கல் வேறு இடத்தில் ஆலையை எழுப்ப முனைந்தார். 1907இல் டிராம் விபத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். மற்றவர்கள் அதை எழுப்பி நடத்தினார்கள். 1920இல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. 1933இல் அது நீங்கியதும் திறந்தார்கள், அடுத்த வருடமே மறுபடி தீ. திரும்பவும் கட்டினார்கள். 1959இல் விற்பனை இல்லாமல் மூடினார்கள், 1960இல் இன்னொருவர் வாங்கித் திறந்தார். 1965இல் திரும்பவும் அதே நிலை.

அப்போதுதான் ஃபிரிட்ஸ் மேடாக் வருகிறார். சலவை இயந்திரத்துக்குப் பெயர்போன மேடாக் குடும்பத்துப் பிள்ளை, இருபதுகளின் கடைசியில் இருந்தவர். நார்த் பீச்சில் ஓல்டு ஸ்பகெட்டி ஃபேக்டரி என்ற உணவகத்தில் வழக்கமாக ஆங்கர் குடிப்பவர். அந்த உணவகத்து முதலாளி, "இந்த ஆலையை மூடப்போகிறார்கள், அதற்குள் போய்ப் பார்த்துவிடு" என்று சொல்லியனுப்ப, பார்க்கப் போனவர் பாதிக்கு மேல் பங்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பங்கின் விலை சில ஆயிரம் டாலர்தான். இதைச் சொல்லும் எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் வந்த பத்து வருடம்.

அவர் வாங்கிய ஆலையின் பீர் பல சமயம் புளித்துத்தான் போயிருந்தது. கருவிகள் பழசு, சுத்தம் போதாது, மதுக்கடைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன. மேடாக் நுண்ணோக்கி வாங்கினார், ஈஸ்ட்டையும் கிருமிகளையும் தானே பார்த்துப் படித்தார், குழாய் குழாயாகக் கழற்றிக் கழுவினார். பீரைப் புட்டியில் அடைத்து விற்க 1971 வரை ஆனது. லாபம் கண்ணில் பட்டது 1975 வாக்கில். அந்த வருடம்தான் லிபர்ட்டி ஏல் வந்தது. காஸ்கேட் என்ற ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) ரகம் அப்போது புதுசு, 1972இல்தான் வெளியிட்டிருந்தார்கள். அதை மட்டும் தாராளமாகப் போட்டு, நொதித்த பிறகும் மேலே ஹாப்ஸ் சேர்த்து வாசனை ஏற்றிய பீர் அது. இன்றைக்கு ஐ.பி.ஏ. என்று உலகம் முழுக்கக் கிடைக்கும் அமெரிக்கப் பாணிக்கு அதுதான் வழி காட்டியது. கிறிஸ்துமஸ் ஏல் தொடங்கியதும் 1975இல்தான். வருடத்துக்கு ஒரு செய்முறை, வருடத்துக்கு ஒரு மரம். லேபிளில் அந்த மரங்களை ஜிம் ஸ்டிட் என்ற ஓவியர் பல பத்தாண்டுகள் வரைந்தார். சியரா நெவாடா ஆலையை நிறுவிய கென் கிராஸ்மன் போன்ற அடுத்த தலைமுறைக்காரர்கள் இங்கே வந்து பார்த்துத்தான், சின்ன ஆலை வைத்தும் பிழைக்கலாம் என்று நம்பினார்கள்.

ஆக, ஆங்கரை 1965இல் காப்பாற்றியது காசோலை என்று சொல்ல மாட்டேன். காசோலை ஒரு நாள் வேலை. கழுவுவதும் ருசி பார்ப்பதும் சரியில்லாததைக் கீழே கொட்டுவதும் பத்து வருட வேலை. ஒரு பழைய தொழில் திரும்பி வரும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

மேடாக் 2010இல் ஆலையை விற்றார். 2017இல் ஜப்பானின் சப்போரோ வாங்கியது. 2019இல் தொழிலாளர்கள் வாக்கெடுத்துச் சங்கம் அமைத்தார்கள், துறைமுகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்தார்கள். அமெரிக்காவின் சிறு பீர் ஆலைகளில் அப்போது அது அபூர்வம். அடுத்த வருடம் கொரோனா. ஆங்கர் பெரிதும் நம்பியிருந்தது உணவகங்களையும் பார்களையும். அவை எல்லாம் பூட்டிக் கிடந்தன. 2021இல் லேபிளை மாற்றினார்கள். கையால் வரைந்ததுபோல் இருந்த பழைய நங்கூரமும் ஹாப்ஸ் கொடியும் போய், அடிக்கிற மஞ்சளும் நீலமும் வந்தன. கடையில் எட்ட இருந்தே தெரியட்டும் என்பது அவர்கள் எண்ணமாக இருக்கலாம். ஆனால் இருபது முப்பது வருடமாக அந்தப் புட்டியை எடுத்தவர்களுக்கு அது வேறு யாருடைய பீராகவோ தெரிந்தது. என்னைக் கேட்டால், நஷ்டத்தை இந்த லேபிள்மேல் மட்டும் போடுவது சரியில்லை. விலைவாசி, போட்டி, நகரத்தில் ஆபீஸ்கள் காலியானது, எல்லாம் சேர்ந்தது. இருந்தும், வழக்கமாக வாங்குகிறவர்களைப் புண்படுத்திவிட்டுப் புதியவர்களைத் தேடிப் போனால் இரண்டும் கைகூடாமல் போகும் என்பதை இங்கே கண்ணால் பார்த்தோம்.

முன்னறிகுறி இல்லாமல் எதுவும் மூடுவதில்லை. 2023 ஜூனிலேயே, இனி கலிபோர்னியாவுக்கு வெளியே விற்கமாட்டோம், கிறிஸ்துமஸ் ஏல் இந்த வருடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் மூடல். உங்களுக்குப் பிடித்த ஒரு சிறு நிறுவனம் விற்கும் எல்லையைச் சுருக்கினால், வருடா வருடம் செய்கிற விசேஷப் பொருளை நிறுத்தினால், அதைத்தான் அபாய மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்கவோ, பேசவோ, ஊர்க்காரர்களைக் கூட்டவோ அந்தக் கட்டத்தில்தான் நேரம் இருக்கிறது. மூடல் அறிவிப்பு வரும்போது கணக்கு முடிந்திருக்கும்.

அறிவிப்புக்குப் பிறகு, ஆலைக்கு எதிரே டி ஹாரோ தெருவில் இருந்த, பப்ளிக் டேப்ஸ் என்ற ஆலையின் பீர்க்கூடத்தில் கூட்டம் அலைமோதியது. வரிசை தெரு முனையைத் தாண்டிப் போனது. கல்யாணத்துக்கு முன்னால் முதலில் சந்தித்த இடம் என்று வந்த ஜோடிகள், அப்பாவின் பழைய நங்கூரச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த மகள்கள். பீர் ஊற்றிக் கொடுத்தவர்கள் வேலையை இழக்கப்போகிறவர்கள்; அந்தக் கூட்டத்திலும் ஒவ்வொரு கிளாஸையும் சாய்த்து, நுரை சரியாக நிற்கும்வரை பொறுத்துக் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது, "இந்தக் கூட்டத்தில் கால்வாசி செவ்வாய்க்கிழமைகளில் வந்திருந்தால் போதும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொன்னார்.

புட்டிகள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வாரங்களில் பலர் வீணாகச் செலவு செய்தார்கள். பல மடங்கு விலைக்கு ஸ்டீம் பீர் பெட்டிகள் கைமாறின. வாங்கி வைத்து என்ன செய்வது? ஸ்டீம் பீரின் ஆல்கஹால் அளவு 4.9 சதவீதம், அது புதிதாகக் குடிக்கிற பீர். ஐந்தாறு மாதம் போனால் ஹாப்ஸின் புதினா வாடை மங்கி, நனைந்த அட்டை வாசனை தலைகாட்டும். நினைவுக்கு ஒரு காலிப் புட்டி போதும். வைத்திருந்து குடிக்கத் தோதானவை இரண்டுதான்: ஆங்கரின் கனமான பீரான ஓல்டு ஃபாக்ஹார்ன், அப்புறம் கிறிஸ்துமஸ் ஏல். அதிலும் அரை லிட்டருக்குக் குறைந்த சின்னப் புட்டியைவிட ஒன்றரை லிட்டர் மேக்னம் நிதானமாக முதிரும். நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். வெளிச்சம் படாத இடம், ஏறி இறங்காத குளுமை வேண்டும். அடிக்கடி திறக்கும் ஃபிரிட்ஜ் கதவும் சமையலறை அலமாரியும் ஆகாது. நான் வைத்திருக்கும் மேக்னங்களை டிசம்பரில் நண்பர்கள் கூடும்போது ஒவ்வொன்றாகத் திறக்கிறோம். மசாலா அடங்கி, உலர்ந்த அத்திப்பழமும் பனங்கருப்பட்டியும் போல ஒரு ருசி முன்னால் வந்திருக்கிறது.

அந்த நாட்களில் தொழிலாளர்கள், ஆலையை நாங்களே கூட்டுறவாக வாங்கி நடத்துகிறோம் என்று முயன்றார்கள். என் மனம் முழுக்க அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் கலைப்பு எப்படி நடக்கிறது என்பதையும் அப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இங்கே நிறுவனத்தின் சொத்து முழுவதையும் ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைப்பார்கள். அவர் அதை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவருடைய கடமை கடன் கொடுத்தவர்களுக்குத்தான். ஊர் மக்களின் பாசத்தை அவர் கணக்கில் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. எனவே பாசம் இருப்பவர்கள் பணமாகவும் திட்டமாகவும் வர வேண்டும், அதுவும் வாரக் கணக்கில். வாங்கும் விலை ஒரு பக்கம். வாங்கிய பிறகு பழைய கட்டடத்தின் பழுது, காப்பீடு, மால்ட், சம்பளம், பீர் விற்றுக் காசு வரும்வரை தாக்குப்பிடிக்கும் செலவு இன்னொரு பக்கம். இதைத் தொழிலாளர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் கைதட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒரு தொழிலைக் கூட்டுறவாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பேச்சைத் தொடங்க வேண்டும்.

கலைப்பில் நான் பயந்தது ஒன்றே ஒன்று. பெயர் ஒருவரிடம், செய்முறை இன்னொருவரிடம், செம்புக் கொப்பரை யாரோ ஒருவருடைய உணவக வாசலில் அலங்காரமாக, இடம் அடுக்குமாடிக் குடியிருப்பாக என்று நாலாகப் பிரிந்து போவது. அப்படிப் பிரிந்தால் பிறகு யார் நினைத்தாலும் ஒட்டவைக்க முடியாது. பெயரை மட்டும் வாங்கி எங்கோ ஒரு பெரிய ஆலையில் காய்ச்சி, அந்த லேபிளை ஒட்டி விற்பது இந்தத் துறையில் சாதாரணமாக நடப்பது.

நல்லவேளை, அப்படி ஆகவில்லை. 2024 மே 31 அன்று ஹம்டி உலுகாயா ஆங்கரை வாங்கியதாகச் செய்தி வந்தது. சோபானி தயிர் நிறுவனத்தைத் தொடங்கியவர். துருக்கியில், ஆடு மாடு மேய்க்கும் குர்து குடும்பத்தில் பிறந்தவர். அவர் செய்தி எனக்கு நம்பிக்கை தந்ததற்குக் காரணம் அவருடைய பணம் இல்லை. 2005இல், நியூயார்க் மாநிலத்தின் சவுத் எட்மெஸ்டன் என்ற சிற்றூரில் ஒரு பெரிய நிறுவனம் கைவிட்டிருந்த பழைய தயிர் ஆலையை வாங்கி, அங்கே முன்பு வேலை பார்த்தவர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டுதான் அவர் தொழிலைத் தொடங்கினார். 2016இல் நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதியை ஊழியர்களுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். மூடிய ஆலைக்குள் நுழைந்து பார்த்த அனுபவம் அவருக்கு இருக்கிறது. உயிருள்ள ஒன்றை ஒரு ஈட்டிலிருந்து அடுத்த ஈட்டுக்குக் கடத்துவது என்னவென்றும் தெரிந்தவர். ஈஸ்ட்டும் உறைமோர் மாதிரிதான், பராமரிக்காமல் விட்டால் அதே ருசி திரும்ப வராது.

ஆனால் அவர் வாங்கி ஒரு வருடம் கடந்தும் ஆலைக் கதவு திறக்கவில்லை. அந்த வழியாக நடக்கும்போது வாசனை இல்லாத தெருவாகவே இருந்தது. பொறுமையாக இருக்கத்தான் வேண்டும். பழைய ஆலையில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்த குழாய்களும் அடைப்பிதழ்களும் அப்படியே ஓடாது. திறமையான கைகள் இதற்குள் வேறு ஆலைகளுக்கும் வேறு தொழில்களுக்கும் போய்விட்டன. 1965 முதல் 1975 வரை ஆன கதையை நினைத்துக்கொண்டால், அவசரப்பட்டு ஏதோ ஒன்றைப் புட்டியில் அடைத்து விற்பதைவிடத் தாமதம் நல்லது.

சரி, அதுவரை என்ன செய்வது? நான் செய்தது, ஸ்டீம் பீரை வீட்டில் காய்ச்சத் தொடங்கியது. ஃப்ரிமான்டில் இருக்கும் ஒரு அண்ணன், பல வருடமாகக் கராஜில் பீர் காய்ச்சுகிறவர், கூட இருந்து சொல்லிக்கொடுத்தார். "ஆங்கர் பீரை நீ செய்ய முடியாதுப்பா, ஆனா அந்த முறையைச் செய்யலாம்" என்பார். அமெரிக்காவில் 21 வயது வந்தவர்கள் வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்சலாம், விற்கக்கூடாது; 1978இல் வந்த சட்டத்திருத்தம் இதற்கு வழிவிட்டது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 200 காலன் வரை வரி கிடையாது. தமிழ்நாட்டில் இது சட்டப்படி குற்றம். அங்கே இருப்பவர்கள் முயற்சி செய்யாதீர்கள்.

19 லிட்டருக்கு என் கணக்கு இது. வெளிர் மால்ட் 4 கிலோ, நடுத்தர நிறமுள்ள கிரிஸ்டல் மால்ட் அரைக் கிலோ. நொறுக்கிய மால்ட்டை 66, 67 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சாற்றை வடிகட்டி, ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். ஹாப்ஸ் நார்தர்ன் ப்ரூவர் மட்டும். கொதி வந்ததும் 25 கிராம், முடிய 15 நிமிடம் இருக்கும்போது 15 கிராம், அடுப்பை அணைக்கும்போது 20 கிராம். வேறு வாசனை ஹாப்ஸ் எதையும் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். நார்தர்ன் ப்ரூவரின் அந்தப் புதினாவும் மரப்பட்டையும் கலந்த வாடைதான் இந்தப் பீரின் முகம். சாற்றின் அடர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்தால்) 1.050 சுற்றி இருக்கும்.

ஈஸ்ட்தான் உயிர். வையீஸ்ட் 2112, வைட் லேப்ஸ் 810 என்று இரண்டு விற்கிறார்கள். இரண்டும் இந்தப் பாணிக்கே உரிய கலிபோர்னிய லாகர் ரகங்கள். ஒரு பாக்கெட்டை அப்படியே கொட்டினால் போதாது. முந்தைய நாளே கொஞ்சம் மால்ட் சாற்றில் வளர்த்து, எண்ணிக்கையைப் பெருக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். லாகர் ஈஸ்ட் குறைவாகப் போனால் திணறும், கந்தக வாடை விடும். சாறு 16 டிகிரிக்கு இறங்கிய பிறகே ஈஸ்ட்டைச் சேருங்கள். அங்கிருந்து 15க்கும் 17க்கும் நடுவில் இரண்டு வாரம். முதல் மூன்று நாள்தான் முக்கியம், நொதிக்கும்போது அதுவே சூட்டைக் கிளப்பும். ஈரத் துணி சுற்றி, அகலமான டப்பில் தண்ணீர் ஊற்றி அதற்குள் பாத்திரத்தை நிறுத்தினால் கராஜிலேயே சமாளிக்கலாம். எங்கள் ஊர்க் கோடை மூடுபனி கைகொடுக்கும். செப்டம்பர் வெயிலில் முயலாதீர்கள்.

அகலத் தட்டுத் தொட்டிக்கு ஆசைப்பட்டு, பெரிய எஃகுப் பாத்திரத்தில் ஆழம் குறைவாக ஊற்றியும் ஒரு ஈடு போட்டோம். நுரை எழும்பும்வரை சுத்தமான மெல்லிய துணியால் மூடினோம். ருசி உருண்டு, மிருதுவாக வந்தது. ஆனால் நுரை தணிந்த உடனே மூடிய கலத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று பட்டு வீணாகும். ஆங்கரின் அறையில் இருந்த வடிகட்டிய காற்று நம் கராஜில் கிடையாது. தொடக்கக்காரர்கள் மூடிய பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடர்த்தி 1.013 பக்கம் வந்து, இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் புட்டியில் அடைக்கலாம். அசைந்துகொண்டிருக்கும்போது அடைத்தால் புட்டி வெடிக்கும். கண்ணாடி கண்ணில் பட்டால் அவ்வளவுதான். முழு ஈட்டுக்கும் சேர்த்து 115 கிராம் சர்க்கரையைக் கொதிக்க வைத்துக் கலந்து அடையுங்கள். இரண்டு வாரம் அறை வெப்பத்தில், பிறகு இரண்டு மூன்று வாரம் ஃபிரிட்ஜில். தொட்டது அத்தனையும் கழுவி, கிருமிநீக்கத் திரவத்தில் முக்கியிருக்க வேண்டும். காய்ச்சும் நாளில் பாதி நேரம் கழுவுவதிலேயே போகும். மேடாக் பத்து வருடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது கை ஊறி நிற்கும்போதுதான் புரிந்தது.

இதோடு சேர்த்து இன்னொன்றும் செய்கிறோம். ஆலையில் வேலை பார்த்தவர்கள் இப்போது சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேறு வேறு ஆலைகளில் இருக்கிறார்கள். அவர்கள் காய்ச்சும் இடங்களுக்குப் போய் வாங்குகிறோம், அவர்கள் சம்மதித்தால் பழைய வேலையைப் பற்றிக் கேட்டு எழுதி வைக்கிறோம். ஒருவர் சொன்னார், தொட்டியின் நுரை எந்த மணிக்கு எந்த நிறத்துக்கு மாறும் என்பதைப் பார்த்தே சூட்டை ஊகிப்பாராம். இது எந்தச் செய்முறைத் தாளிலும் இருக்காது. ஆலையை வாங்குகிறவருக்குத் தாள் கிடைக்கும், இது கிடைக்காது, இவரைத் திரும்ப வேலைக்கு அழைத்தால் ஒழிய. உங்கள் ஊரில் ஏதாவது மூடினால் முதலில் கட்டடத்தைப் படம் எடுக்காதீர்கள், உள்ளே வேலை பார்த்தவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். வருடம் போகப் போக ஆட்கள் கலைந்துவிடுவார்கள், நினைவும் மங்கும்.

ஆங்கர் திறக்கும் நாளில் கூட்டம் வரும், அது நிச்சயம். நான் பார்க்கப்போவது மூன்று விஷயத்தை. அந்த அகலத் தொட்டிகளில்தான் காய்ச்சுகிறார்களா? பழைய ஆட்கள் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், சங்கம் இருக்கிறதா? தெருவில் வேலை முடித்து வருகிறவர் யோசிக்காமல் ஒரு கிளாஸ் வாங்குகிற விலையா? மூன்றும் சரியென்றால், எங்கள் ஆபீஸ் கும்பல் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தை அதற்கென்று ஒதுக்குவதாக ஏற்கெனவே பேசி முடித்துவிட்டோம். மதுரைக்காரனும் வருகிறான்; அவன் பீர் குடிப்பதில்லை, ஆனால் அந்தச் செம்புக் கொப்பரைகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம்.